அதே போல்ட்டு

பிரதீபா மேடம் எங்கள் மாணவர்களைத் தெய்வக் குழந்தைகள் என்றுதான் சொல்வார். ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பத்தொன்பது வயதாகி, மீசை முளைத்து, அம்மாவைவிட ஒரு சாண் உயர்ந்து நின்ற ஸ்டான்லியும் அவருக்குக் குழந்தைதான். பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளுவார். யாராவது தொட்டால் ஸ்டான்லிக்கு ஆகாது. பின்னால் நகர்ந்துகொள்வான். "கூச்சத்தைப் பாருங்க" என்று அவர் சிரிப்பார். சம்பளம் வாங்குகிற காரணத்தால் அவருடைய போட்டோகிராபரும் சிரிப்பார்.

நான் சாருலதா. செங்கல்பட்டில் ஓர் அரசுப் பள்ளியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சிறப்பாசிரியர். பள்ளி முடிக்கிற பிள்ளைகளை ஏதாவது ஒரு வேலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் என் பொறுப்பு என்று காகிதத்தில் இருந்தது. அதற்கென்று நேரமோ ஆளோ யாரும் கொடுக்கவில்லை. மாதாமாதம் மேலிடத்துக்குப் போகும் படிவத்தில் 'வேலைக்குச் சென்றோர்' என்ற கட்டத்தில் மூன்று வருடம் சுழியம் போட்டு அனுப்பினேன். அப்போதுதான் பிரதீபா மேடம் தன்னுடைய ஏணிப்படி அறக்கட்டளையோடு வந்து சேர்ந்தார். ஆறு மாதத்தில் என் பிள்ளைகளில் ஐந்து பேருக்கு வேலை வாங்கிக்கொடுத்துவிட்டார். மறைமலைநகரில் கார் கதவுக்குப் பூட்டு செய்கிற ஒரு கம்பெனி. கட்டத்தில் ஐந்து என்று எழுதிய அன்று நான் சந்நிதித் தெருவில் இருக்கும் என் வீட்டுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த ஐந்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஐந்து பேரில் ஒருவன் ஸ்டான்லி. ஆட்டிசம் உள்ளவன். அதிகம் பேச மாட்டான். பேசினால் மூன்று நான்கு வார்த்தை. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பத்து வருடம் எடுத்துக்கொண்டான். ஆனால் ஒரு பொருளை ஒரு தடவை பார்த்தால் போதும், அதை மறுபடி எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவான். வகுப்பில் முப்பது பென்சில் கலந்து கிடந்தால் எது யாருடையது என்று எடுத்து நீட்டுவான். இதை நானும் கவனித்திருக்கிறேன். கவனித்து, அவனுடைய கோப்பில் 'பொருள்கள் மீது மிகை ஈடுபாடு' என்று குறையாக எழுதி வைத்தேன்.

அவன் அம்மா சாராள், ஏற்றுமதி துணிக் கம்பெனியில் தைக்கிறவர். கணவர் இறந்த பிறகு தனியாக நின்று அவனை வளர்த்தார். மகனுக்கு வேலை கிடைத்ததும் அவர் முதலில் செய்தது நல்ல ஷூ வாங்கிக்கொடுத்தது. காலையில் ராட்டினங்கிணறு நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வரும்வரை கூடவே நிற்பார். கழுத்தில் அடையாள அட்டையோடு அவன் ஏறுவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பார்த்தார்கள்.

நான்காவது மாதம் ஒரு திங்கட்கிழமை ஸ்டான்லி பஸ்ஸில் ஏற மறுத்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டான். செவ்வாயும் அப்படியே. சாராள் எனக்குப் போன் செய்தார். நான் படித்த படிப்பெல்லாம் உடனே வேலை செய்யத் தொடங்கியது. பழக்கம் மாறும்போது இப்படித்தான் அடம் வரும் என்றேன். பஸ், கம்பெனி, சம்பளம், பிரியாணி என்று வரிசையாகப் படம் ஒட்டி ஓர் அட்டை செய்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஸ்டான்லி அட்டையைப் பார்க்கக்கூட இல்லை. "அதே போல்ட்டு மிஸ்" என்றான்.

கம்பெனியில் போல்ட் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நான் விளக்கினேன். பொறுமையாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அவன் தலையை வேகமாக ஆட்டினான். "ஒரே மாதிரி இல்ல. அதே. நேத்து போட்டேன். காலைல திரும்ப வந்துது. அதே போல்ட்டு." அதற்கு மேல் சொல்லவில்லை. அவனுக்கு மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டலாம் என்று சாராளிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்த 'அதே' என்ற சொல்லை அவன் அழுத்திய விதம் என்னை விடவில்லை. வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மறைமலைநகர் போனேன்.

கம்பெனியில் எனக்கு ராஜ மரியாதை. மனிதவள மேலாளர் காபி வரவழைத்தார். அவரே நடத்திக்கொண்டு போய்க் காட்டினார். வாசலுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி மஞ்சள் வண்ணம் அடித்த ஓர் அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மேலே 'திறமைகளின் தோட்டம்' என்று எழுதியிருந்தது. உள்ளே நீளமான மேசையில் ஏழு பேர் உட்கார்ந்து போல்ட்டுகளையும் வாஷர்களையும் அளவு வாரியாகத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் என் பிள்ளைகள். எட்டாவது நாற்காலி ஸ்டான்லியுடையது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களெல்லாம் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள் என்றார் மேலாளர், மீன் தொட்டியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

சாயங்காலம் பிள்ளைகளோடு கம்பெனி பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வரவேற்பறையில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு அவர்கள் வரிசையாகக் கை கழுவப் போனார்கள். அவர்கள் போனதும் மேற்பார்வையாளர் பாலா, முப்பது வயதுக்காரர், ஒரு நீல டிரம்மை உருட்டிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் வந்தார். ஒவ்வொரு தட்டாக எடுத்து டிரம்முக்குள் கவிழ்த்தார். எல்லாம் கவிழ்த்த பிறகு ஒரு கம்பியை விட்டு அடிவரை கிண்டினார்.

நான் உள்ளே போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பாலா பதறவில்லை. எனக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"இது அளவு தப்பிப்போன மால் மேடம். உருக்கப் போவ வேண்டியது. இவங்களுக்குன்னு ஒரு டிரம்மு தனியா வெச்சிகீறோம்."

"பிரிச்சதை ஏன் திரும்பக் கலக்கறீங்க?"

"கலக்கலைன்னா நாளைக்கு அவங்களுக்கு இன்னா வேலை கீது?"

மற்றதையும் அவரே சொன்னார். போன வாரம் ஒருநாள் டிபன் டப்பாவை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்த ஸ்டான்லி இதைப் பார்த்துவிட்டான். பாலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொட்டாதே என்றானாம். யாரையும் தொடாத பிள்ளை.

"எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு மேடம். இவன் பொருளைப் பார்த்தாலே கண்டுபுடிக்கிறான், ஸ்டோர்ல போடுங்கன்னு மேல சொன்னேன். ஸ்டோர்ல உட்கார வெச்சா வர்றவங்க கண்ணுல யாரு படுவான்னு கேட்டாங்க."

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மனிதராகப் பேசியவர் அவர் ஒருவர்தான். கம்பியும் அவர் கையில்தான் இருந்தது.

பஸ்ஸில் என் பிள்ளைகள் நாலு பேரும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தார்கள். இன்று எத்தனை தட்டு முடித்தேன் என்று ஒரு பெண் என்னிடம் விரல் விட்டுக் காட்டினாள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பிரதீபா மேடத்தைப் பார்க்க நாவலூர் போனேன். பன்னிரண்டாவது மாடியில் அவருடைய அலுவலகம். நான் சொல்லி முடிக்கிறவரை கண்ணை மூடிக் கேட்டார். ஆழ்ந்து கேட்கிறாராம். பிறகு, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். அடிக்கிறார்களா? இல்லை. ஏசி இருக்கிறதா? இருக்கிறது. அப்புறம் என்ன சாருலதா என்றார். அவர்களுக்கு வேலைக்குப் போகிறோம் என்ற சந்தோஷம் கிடைக்கிறது, அது போதாதா, போல்ட் எங்கே போகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியவா போகிறது என்றார்.

"ஸ்டான்லிதான் எங்கிட்ட சொன்னான் மேடம். அவனுக்குத் தெரியும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா அவன் நம்ம கேட்டகிரியே இல்லை. அவனை எடுத்ததுதான் தப்பு."

ஏமாற்றத் தெரியாதவனுக்கு வேலை இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏமாறத் தெரியாதவனுக்கும் வேலை இல்லை என்பதை அன்றுதான் கேட்டேன். அடுத்த நிமிடமே அவர் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். அடுத்த சனிக்கிழமை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை விடுதியில் விழா. அந்தக் கம்பெனிக்கு விருது. பிள்ளைகளில் ஒருவன் மேடையில் நன்றி சொல்ல வேண்டும். முகம் லட்சணமாக இருப்பதால் ஸ்டான்லியே வரட்டும் என்றார். விழா முடிந்த பிறகு அவனை வேலையிலிருந்து நீக்கிவிடலாமாம். விழாவுக்கு அழைத்துப் பள்ளிக்கும் கடிதம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். சரி மேடம் என்றேன்.

சாராளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நாலு மாசத்துல ஒரு தபா கூட நீங்க அங்க போய் பாக்கலியா டீச்சர்?"

இல்லை என்றேன்.

"நான் தைச்ச சட்டைய சாய்ங்காலம் ஒருத்தன் உக்காந்து பிரிச்சிப் போட்டான்னு வெச்சிக்க. நான் மறுநாள் அந்தக் கம்பெனி வாசல மிதிப்பனா? எம்புள்ள நாலு மாசம் மிதிச்சிருக்கான். அவன போயி டாக்டராண்ட காட்டச் சொன்னீங்க."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. சம்பளம் வருகிறதே, வேறு இடம் கிடைக்கும்வரை போகட்டுமே என்று இழுத்தேன். சாராள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார். போகிறாயா, வேண்டாமா என்று கேட்டார். பிரதீபா மேடம், மேலாளர், நான், மூன்று பேரும் இவ்வளவு நாளில் அவனிடம் கேட்காத கேள்வி அது.

"வேணாம். வேற வேலை" என்றான் ஸ்டான்லி.

ஆனால் விழாவுக்குப் போவோம் என்று சாராள் சொன்னார். அங்கே எல்லாரும் இருக்கும்போது நடந்ததை நேரில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். விடுதியின் புல்தரையில், கடலைப் பார்த்தபடி மேடை போட்டிருந்தார்கள். வட்ட மேசைகள், வெள்ளைத் துணி, ஆளுக்கு ஓர் இளநீர். சாராளுக்குக் கடைசி வரிசையில், பெற்றோர் என்று எழுதிய நாற்காலி. அவர் பக்கத்தில் எனக்கும் ஒன்று. பேச ஒரு நிமிடம் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். மேடையில் ஒரு படம் போட்டார்கள். கண்ணாடி அறை, மஞ்சள் சுவர், தட்டுகளில் விழும் போல்ட், பின்னணியில் வயலின். நீல டிரம் படத்தில் வரவில்லை. மேலாளர் விருதை வாங்கிக்கொண்டு, இந்தக் குழந்தைகளிடமிருந்து தாங்கள் கற்றுக்கொண்டதுதான் அதிகம் என்றார். என்ன கற்றுக்கொண்டார் என்று சொல்லவில்லை.

பிறகு ஸ்டான்லியை மேடைக்கு அழைத்தார்கள். பிரதீபா மேடம் தோளில் கை போட்டார். அவன் ஓர் அடி தள்ளி நின்றான். மைக்கை வாயருகே நீட்டி, "சொல்லுப்பா, உன் வேலையைப் பத்திச் சொல்லு" என்றார். நன்றி என்று சொல்ல அவனை மதியமே பழக்கியிருந்தார்கள்.

ஸ்டான்லி மைக்கைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்தித் தெளிவாகச் சொன்னான்.

"நாங்க பிரிப்போம். சாய்ங்காலம் கொட்டிடுவாங்க. கம்பி போட்டுக் கலக்குவாங்க. காலைல அதே போல்ட்டு. தினமும் அதே போல்ட்டு. எனக்கு வேணாம்."

முடிந்தது, எல்லாம் வெளிப்பட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். முன் வரிசையில் ஒருவர் எழுந்து கை தட்டினார். அவரைப் பார்த்து அந்த மேசை எழுந்தது. பிறகு புல்தரை முழுவதும் எழுந்து நின்று தட்டியது. பிரதீபா மேடம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கத்திலிருந்த ஓர் அம்மாள், இவ்வளவு பேருக்கு முன்னால் எவ்வளவு அழகாகப் பேசுகிறது பாருங்கள் என்று நெகிழ்ந்தாள். அவன் என்ன சொன்னான் என்று அந்தக் கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. அவன் வாயைத் திறந்ததே அவர்களுக்குப் போதும். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். பாதிப் பேர் முகத்தில் கண்ணீர். அப்படி ஒரு மந்தத்தை நான் என் வகுப்பறையில் எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

சாராள் திரும்பி என்னைப் பார்த்தார். "எதுக்கு டீச்சர் கை தட்டிகினு கீறாங்க?"

அவர் எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்குப் போய் மகனை அழைத்துக்கொண்டு இறங்கினார். விருந்துக்கு இருக்கச் சொன்னார்கள். அவர் நிற்கவில்லை. சாலைக்கு வந்து ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம். ஸ்டான்லி நாலு சாப்பிட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவன் என்பதால் அவனுக்கு மட்டும் நன்றாகப் பசித்தது.

அடுத்த வாரம் நான் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று பேர் கொண்ட குழு அந்தக் கம்பெனிக்குப் போய், காலை பதினோரு மணிக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்து, மிகவும் திருப்தி என்று அறிக்கை கொடுத்தது. மற்ற நாலு பெற்றோரிடமும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூன்று பேர், சம்பளம் வருகிறது, விடுங்கள் என்றார்கள். அவர்களை நான் கேவலமாக நினைக்கவில்லை. வெளியே வந்தால் என்ன வேலை என்று அவர்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாததுதான் கேவலம்.

அதனால் பள்ளி முடிந்ததும் ஸ்டான்லியைக் கூட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நாலு வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. பாவம் என்று பத்து ரூபாய் நீட்டியவர்கள் இருவர். பிரார்த்தனைக்குக் கூட்டிப்போகச் சொன்னவர் ஒருவர். வாடிக்கையாளர் பயந்துவிடுவார்கள் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் அவன் காதுபடவே சொன்னார். மூன்றாவது வாரம், ஓடாத பைக்குகளைப் பிரித்து உதிரி பாகம் விற்கிற கன்னியம்மாவின் கடைக்கு வந்தோம்.

கன்னியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கல்லாவை விட்டு எழாமல் என் பேச்சைக் கேட்டார். ஆட்டிசம் என்று நான் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அதெல்லாம் எனக்குப் புரியாது. திருடுவானா? மாட்டானா? பொருளு எடுத்துத் தருவானா? அத்த சொல்லு." அப்போது ஒரு மெக்கானிக் தேய்ந்துபோன ஒரு சிறு பல்சக்கரத்தைக் கொண்டுவந்து, இதே மாதிரி வேண்டும் என்றார். கடை ஆள் மூன்று டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். ஸ்டான்லி அந்தச் சக்கரத்தை ஒரு தடவை பார்த்தான். நேராகப் பின்பக்கம் போனான். குவியலில் கையை விட்டு ஒன்றை எடுத்து வந்து கல்லாமேல் வைத்தான். மெக்கானிக் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டு போனார். யாரும் கை தட்டவில்லை.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வரச் சொல்லு. லேட்டா வந்தா வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார் கன்னியம்மா.

சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இரும்பு அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டால் ஸ்டான்லி காதைப் பொத்திக்கொண்டு சாலைக்கு ஓடிவிடுவான். முதல் மூன்று வாரமும் சாயங்காலங்களில் நான் அவனோடு கடையில் நின்றேன். விலையை அவன் மறந்துவிடுவான் என்பதால் டப்பாக்கள்மேல் எழுதி ஒட்டினேன். காதுக்கு மாட்டும் தடுப்பு ஒன்று வாங்கிக்கொடுத்தேன். ஒருநாள், உடைந்த கிளட்ச் பிளேட்டை நல்லது என்று ஏமாற்றி விற்கச் சொன்ன கடை ஆளிடம், வாடிக்கையாளர் முன்னாலேயே "இது உடைஞ்சது" என்று சொல்லிவிட்டான். அதற்காகக் கன்னியம்மா ஆளைத் திட்டினார். திட்டி முடித்து, வியாபாரம் போனதற்காக ஸ்டான்லியையும் திட்டினார். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவனாக வந்தான். அந்த இரண்டு நாளுக்கும் அவர் சம்பளம் தரவில்லை. அறுக்கிற மெஷினை மட்டும் கடையின் பின்வாசலுக்கு மாற்றியிருந்தார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, இடம் அடைக்கிறது என்றார்.

இது நடந்து பத்து மாதம் ஆகிறது. கம்பெனியில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. சாராள் நிறுத்தத்துக்கு வருவதில்லை. அவனே நடந்து போகிறான். கண்ணாடி அறையிலிருந்து ஒரு பெண்ணை மட்டும் வெளியே கொண்டுவந்து ஓர் அச்சகத்தில் சேர்த்திருக்கிறேன். மற்ற மூன்று பேருக்கு இன்னும் அலைகிறேன். நடுவில் பிரதீபா மேடத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஸ்டான்லி கடையில் வேலை செய்கிற மாதிரி நாலு படம் வேண்டுமாம், ஆண்டறிக்கையில் போட. அழித்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் ஏறினேன். கூட்டம் அதிகம். ஸ்டான்லி கிரீஸ் கையோடு உள்ளுக்கும் வெளிக்கும் நடந்துகொண்டிருந்தான். கல்லாவுக்கு எதிரில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை என்னைச் சுற்றிக்கொண்டு போனான். மூன்றாவது தடவை நின்றான்.

"இன்னா வேணும் மிஸ்?"

ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

"அப்ப ஓரமா நில்லுங்க. வழில நிக்கறீங்க" என்றான்.

நகர்ந்து நின்றேன். எனக்குப் பின்னால் காத்திருந்தவர் முன்னால் வந்து, பாதியாக உடைந்த ஒரு பிரேக் லீவரை அவனிடம் நீட்டினார்.